கார்பன் சக்கரத்துக்கு யார் பெயிண்ட் அடிப்பது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிளோடு சம்பந்தம் இல்லாதவர்கள் பாதியில் எழுந்து போனாலும் ஆப்சென்ட் போட மாட்டேன். ஆனால் உங்களில் பலர் இப்போது விடியற்காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். படம் போடுகிறீர்கள், நானும் லைக் போடுகிறேன். அந்தப் படங்களில் இரண்டு மூன்று பேர் சைக்கிளில் கார்பன் சக்கரம் தெரிகிறது. அவர்கள் மட்டும் கடைசி வரை படிக்க வேண்டும்.

கேள்வி என் அக்கா மகனுடையது. பெங்களூரில் வேலை பார்க்கிறான். தெரிந்த ஒருவரிடம் பழைய கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறான். கருப்பு ரிம், அதில் வெள்ளை எழுத்து, எழுத்தில் பாதி உரிந்துவிட்டது, அங்கங்கே கீறல். சைக்கிள் சட்டம் மஞ்சள். அதனால் சக்கரமும் மஞ்சளாக இருக்க வேண்டுமாம். "மாமா, ஸ்பிரே டப்பா வாங்கி நானே அடிச்சுக்கட்டுமா, இல்ல நாமக்கல்ல லாரி பாடிக்கு அடிக்கிற பெயிண்டர்கிட்ட குடுத்துடலாமா? உங்க ஸ்டூடன்ட் யாராச்சும் இருப்பாங்கல்ல?" என்று கேட்டான்.

இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வாத்தியாராக இருந்தவனுக்கு லாரி பட்டறையில் மாணவன் இல்லாமல் இருப்பானா? பாடி கட்டுகிறவன், ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன், பெயிண்ட் அடிக்கிறவன், எழுத்து எழுதுகிறவன், எல்லோரும் உண்டு. ஆனால் உடனே "கொண்டு வா" என்று சொல்லவில்லை. "உன் சக்கரத்துக்கு பிரேக் எங்கே பிடிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டேன். பெயிண்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தச் சம்பந்தத்தைப் பற்றியது.

முதலில் கார்பன் ரிம் எதனால் ஆனது என்று பார்த்துவிடுவோம். கஞ்சி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேட்டியில் இருப்பது நூல், அதை விறைப்பாக நிறுத்துவது கஞ்சி. கார்பன் ரிம்மில் நூல் என்பது கார்பன் இழை. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கஞ்சி என்பது எப்பாக்சி என்கிற பிசின். இழுவையைத் தாங்குவது இழை. இழையை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது பிசின். விறைப்பாக நிற்கிற வேட்டி மழையில் நனைந்தால் என்ன ஆகும்? ஒரு நூலும் அறுந்திருக்காது, ஆனால் தொளதொளவென்று தொங்கிவிடும். கார்பன் ரிம்மில் பிசினைக் கெடுக்கிற எதுவும் அப்படித்தான் செய்யும். பிசினைக் கெடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று சூடு. மற்றது பெயிண்டை உரிக்கப் பயன்படுத்தும் ரசாயனம்.

பெயிண்ட் வேலையில் நாம் சாதாரணமாகக் கைவைப்பது இந்த இரண்டின் மேலும்தான். அங்கேதான் சிக்கல்.

நம் தலைமுறைக்கு சைக்கிள் என்றால் இரும்பு. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ் வண்டி எத்தனை வீடுகளில் இருந்தது! அந்தக் கருப்பு நிறம் சூளையில் வைத்துச் சுட்ட எனாமல். இரும்புக்குச் சூடு பிடிக்கும். பெயிண்ட் உரிய வேண்டுமா, ரிமூவரை ஊற்று. ஆடுகிறதா, கோட்டம் எடு. துருவா, உப்புத்தாள் போட்டுத் தேய். எதற்கும் முகம் சுளிக்காத பொருள் அது. அதனால் சைக்கிளுக்குப் பெயிண்ட் என்றாலே "இதில் என்ன பெரிய வித்தை" என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. சொந்தமாக அடிக்கிறவனுக்கு மட்டுமல்ல, இருபது வருடம் இரும்புக்கே அடித்துப் பழகிய தொழிலாளிக்கும் அந்த எண்ணம் உண்டு.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மருமகன் முதலில் பெங்களூரிலேயே ஒரு பவுடர் கோட்டிங் கடையில் கேட்டிருக்கிறான். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற இடம். சக்கரத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "ஓவன்ல வெச்சு எடுத்தா கல்லு மாதிரி நிக்கும், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். பவுடர் கோட்டிங் உருகிப் பிடிப்பதற்கு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வேண்டும். பல எப்பாக்சிப் பிசின்கள் அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். வெளியே எடுக்கும்போது சக்கரம் பளபளவென்று இருக்கலாம். உள்ளே கஞ்சி கரைந்த வேட்டியாக இருக்கும். நல்ல வேளையாக அன்றைக்கு அந்தக் கடையில் கூட்டம். இவன் திரும்பி வந்துவிட்டான்.

ஆக, "நாமே செய்வதா, தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதா" என்று கேட்டால், எந்தத் தொழில் தெரிந்தவர் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரும்பு தெரிந்தவருக்குக் கார்பன் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்காக அவர் மட்டம் என்றும் அர்த்தம் இல்லை.

சரி, பிரேக்குக்கு வருகிறேன்.

இப்போது வருகிற விலை கூடிய சைக்கிள்களில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக். பிரேக் பிடிப்பது நடுவில் ஹப்பை ஒட்டியிருக்கும் தகட்டில். ரிம்முக்கும் பிரேக்குக்கும் தொடர்பே கிடையாது. அந்த மாதிரி ரிம்மில் ஓரத்திலிருந்து ஓரம் வரை மஞ்சள் அடிக்கலாம், மயில் கழுத்து நிறம் அடிக்கலாம். மருமகன் யூடியூபில் பார்த்து ஆசைப்பட்ட சக்கரங்கள் எல்லாம் அந்த வகை. இவன் வாங்கியது பழைய வகை. பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டையே கவ்விப் பிடிக்கும். ரிம்மின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக ஒரு பட்டை ஓடுகிறது பாருங்கள், அதுதான் பிரேக் பிடிக்கும் இடம். அங்கே பெயிண்ட் படவே கூடாது.

பட்டால் என்ன ஆகும்? அவனுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஊருக்கு வரும்போதெல்லாம் இவன் அங்கேதான் போகிறான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, இறக்கம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 பெருக்கல் 9.8 பெருக்கல் 1000. ஏழு லட்சத்து எண்பத்து நான்காயிரம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம் ஜூல் வேண்டும். அதாவது மலை உச்சியில் நிற்கும்போது இவனிடம் இருக்கிற ஆற்றல், இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அடிவாரத்துக்கு வந்து நிற்பதற்குள் அத்தனையும் எங்காவது போயாக வேண்டும். நேர்ச்சாலையாக இருந்தால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். இங்கே வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு அந்த வெப்பத்தில் பெரும்பங்கு போகிற இடம், பிரேக் கட்டையும் ரிம்மின் ஓரத்தில் இருக்கும் அந்த விரல் அகலப் பட்டையும்தான்.

அலுமினிய ரிம் என்றால் சூட்டை மளமளவென்று சுற்றிலும் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்முக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சூடு பட்ட இடத்திலேயே தங்கும். அதனால்தான் அதற்கென்று தனிப் பிரேக் கட்டை விற்கிறார்கள். அதனால்தான் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராதே, விட்டு விட்டுப் பிடி என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அந்தப் பட்டையின் மேல் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டைப் பூசினால் அது இளகிக் கட்டையில் ஒட்டும். கட்டை வழுக்கும். பிறகு ஒரு பக்கம் பெயிண்ட் இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. பிரேக் ஒருமுறை பிடிக்கும், ஒருமுறை பிடிக்காது. நாற்பதாவது வளைவில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

"அப்போ அந்தப் பட்டையை விட்டுட்டு நடுவுல மட்டும் அடிச்சா?" என்றான். அதைச் செய்யலாம். அதுவும் தன் கையாலேயே செய்யலாம். எப்படி என்று சொல்கிறேன்.

டயர், ட்யூப், ரிம் டேப் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். சங்கிலி எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் மீன் கண் மாதிரி விலகி நிற்கும். பழைய எழுத்து ஸ்டிக்கரா, மேல் பூச்சுக்கு அடியில் இருப்பதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். விளிம்பு நகத்தில் தட்டினால் ஸ்டிக்கர். தலைமுடி உலர்த்தும் கருவியில் இலேசாகச் சூடு காட்டினால் உரிந்துவிடும். தட்டவில்லை என்றால் அது உள்ளே இருக்கிறது, அதை எடுக்க முயலவே கூடாது. மேலேயே அடித்து மறைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரிமூவர் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். பெயிண்டுக்கும் பிசினுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது தேய்ப்பு. ஏன் தேய்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோவை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுவந்து கரும்பலகையைத் தேய்த்தது ஞாபகம் இருக்கிறதா? (இலை பறிக்கப் போனவர்கள் இரண்டு பீரியட் கழித்துத் திரும்பி வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.) பலகை வழவழவென்று இருந்தால் சாக்பீஸ் பிடிக்காது. பெயிண்டும் அப்படித்தான். 600 அல்லது 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். வழிகிற தண்ணீரின் நிறத்தில் கண் இருக்கட்டும். வெளுப்பாக, பால் கலந்த மாதிரி வந்தால் மேல்பூச்சைத்தான் தேய்க்கிறீர்கள். கருப்பாக வந்தால் இழைக்கே போய்விட்டீர்கள், அந்த நொடியே நிறுத்த வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதில் இன்னொரு நன்மை, தூள் பறக்காது. கார்பன் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போவது அதைவிடக் கெடுதல்.

பிரேக் பட்டை, வால்வுத் துளை, டயர் உட்காரும் உள்பக்கம், ஹப், இவை எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டு மூட வேண்டும். இந்த மூடும் வேலைக்கு மட்டும் ஒரு முழு மாலை போகும். அடிக்கிற வேலை அரை மணி நேரம்கூட இல்லை. மெல்லிசாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு வெளுத்துப் போகும். சக்கரத்தில் ஒரு வசதி, சுற்றிவிட்டுக்கொண்டே அடிக்கலாம். ஒரு தொந்தரவு, ஸ்போக்ஸ் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் தன் பின்னால் ஒரு நிழல் விழவைக்கும், அங்கே பெயிண்ட் சேராது. அதைச் சரிசெய்ய அங்கேயே நின்று அடித்தால் வழிந்துவிடும். நிப்பிளைச் சுற்றிப் பெயிண்ட் தேங்கும். பிறகு முதல்முறை கோட்டம் எடுக்கும்போது நிப்பிளைத் திருகியதும் அந்த இடம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

கம்பிகளை எல்லாம் கழற்றி வெறும் ரிம்முக்கு அடித்தால் அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் திரும்பக் கம்பி கோத்து, எல்லாவற்றிலும் இழுவிசை சரியாக வைப்பது பெயிண்டர் வேலையும் அல்ல, நம் வேலையும் அல்ல. அது இன்னொரு தொழில்.

இன்னொன்று, பலர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. கடைசியாக அடிக்கும் கிளியர் கோட். கடையில் "டூ-கே" என்று கேட்டால் ஹார்டனர் கலந்து அடிக்கிற வகையைத் தருவார்கள். கார்களுக்கு அடிப்பது. பெட்ரோல் பட்டாலும் அசையாது, வெயிலும் தாங்கும். பிசினை வெயில் மெல்ல மெல்ல அரிக்கும் என்பதால் மேல்பூச்சு வேண்டும்தான். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயரைக் கேட்டதும் சிலருக்கு 1984 டிசம்பர் நினைவு வந்திருக்கும். போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். இது அதே பொருள் அல்ல, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது எளிதில் ஆவியாகிற கொடிய பொருள், இது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் ஒரே குடும்பம். ஸ்பிரே அடிக்கும்போது பனி மாதிரி நுண்துளியாகி மூச்சில் போனால், சிலருக்கு ஆஸ்துமா வரவைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க், கொரோனா காலத்தில் போட்ட மாஸ்க், எதுவும் இதற்குக் காணாது. முறையாக அடிக்கும் இடங்களில் குழாய் வழியாக வெளிக்காற்று வருகிற முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். மருமகன் அடிக்க நினைத்த இடம் அடுக்குமாடி வீட்டின் பால்கனி. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் அவனிடம் யோசனை சொல்லவில்லை, கூடாது என்றே சொல்லிவிட்டேன். வீட்டில் அடிப்பதானால் ஹார்டனர் இல்லாத சாதா கிளியர், அதையும் திறந்த வெளியில், நல்ல மாஸ்க்கோடு. அவ்வளவு உறுதியாக இருக்காது, இரண்டு வருடத்தில் திரும்ப அடிக்க வேண்டி வரலாம். வரட்டும்.

தொழில்காரரிடம் கொடுப்பதில் எனக்குத் தெரிகிற பெரிய லாபம் இதுதான். அழகாக அடிப்பார் என்பது அப்புறம். காற்றுப் போக்கும், கம்ப்ரசரும், முகமூடியும் அவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் நுரையீரலுக்குப் பதில் அவர் நுரையீரல், அவ்வளவுதான் வித்தியாசம். கூலி கொடுத்துவிட்டால் அது சரியாகிவிடாது. கொடுப்பதற்கு முன் பட்டறையை ஒரு சுற்றுப் பாருங்கள். பெயிண்ட் அடிக்கும் பையன் வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நின்றால் வேறு இடம் பாருங்கள்.

இனி நம் மாணவர் கதை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் அந்த வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கமெல்லாம் லாரி வரைந்துகொண்டிருப்பார். இப்போது அவரிடம் பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். மருமகன் பொங்கலுக்கு வந்தபோது இரண்டு சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனோம். டீ சொன்னார். டீ வருவதற்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இது பைபர் மாதிரிதானுங்களே, சூடு எவ்வளவு தாங்கும்? நாங்க 60 டிகிரிக்கு மேல காட்ட மாட்டோம், அது ஆகுமா? பிரேக் எங்க புடிக்குது? ஒரிஜினல் கோட்டிங்கா, இதுக்கு முன்ன யாராச்சும் அடிச்சிருக்காங்களா? எங்கியாச்சும் இடிச்சிருக்கா?"

கடைசிக் கேள்விக்கு மருமகன் கொஞ்சம் தயங்கினான். பெங்களூர் சாலையில் ஒருமுறை பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியிருக்கிறது. டயர் பஞ்சர். ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சின்னக் கோடு மட்டும், கீறல்தான் என்றான். பெயிண்ட் அடித்தால் அதுவும் மறைந்துவிடும் என்பது அவன் எண்ணம்.

அவர் பேசாமல் எழுந்து போய்க் கொஞ்சம் பஞ்சு எடுத்து வந்தார். அந்தக் கோட்டின் மேல் பஞ்சை மெல்ல இழுத்தார். இரண்டு இடத்தில் பஞ்சு சிக்கி நூலாக நின்றது. வெறும் கீறலாக இருந்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிருக்கும், அறுந்த இழை நீட்டிக்கொண்டிருந்தால்தான் இப்படிப் பிடிக்கும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக் என்று வந்த சத்தம் அந்த இடத்தில் மட்டும் டொக் என்று மந்தமாக விழுந்தது. சட்டி பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனை. இது முடிவான தீர்ப்பு அல்ல, ரிம்மின் பருமன் மாறினாலும் சத்தம் மாறும். ஆனால் பஞ்சும் சத்தமும் ஒரே இடத்தைக் காட்டும்போது சும்மா விடுவதற்கில்லை.

"பின்சக்கரத்துக்கு அடிச்சுத் தர்றேன் சார். முன்சக்கரத்துக்கு அடிக்க மாட்டேன்."

"ஏண்ணா, அதுக்கும் சேத்தே காசு குடுத்துடறேன்" என்றான் இவன்.

"காசுக்கு இல்லீங்க தம்பி. செகண்ட்ஸ் லாரி விக்கறவங்க சேசிஸ்ல விரிசல் இருந்தா வெல்டு வெச்சு மேல கருப்பு அடிச்சுடுவாங்க. வாங்கறவனுக்குத் தெரியாது. லோடு ஏத்தி மேட்டூர் தாண்டறப்பதான் தெரியும். அந்த வேலை எங்கிட்டயும் கேப்பாங்க, நான் செய்யறதில்ல. இதும் அதே வேலைதானுங்க. உங்க சக்கரத்த நீங்களே உங்களுக்கு மறைச்சுக்கறீங்க."

இரும்பு ரிம் அடிபட்டால் வளையும், ஆடும், சத்தம் போடும். நமக்குத் தெரிந்துவிடும். கார்பன் வளைந்து காட்டாது. உள்ளே அடுக்கு விட்டுப் போயிருந்தாலும் வெளியே ஒரு கோடுதான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. தாங்குகிற வரை தாங்கும், பிறகு ஒரே நொடியில் போய்விடும். அதுவும் முன்சக்கரம். பின்சக்கரம் போனால் சிராய்ப்போடு தப்பிக்க வாய்ப்பு உண்டு. முன்சக்கரம் போனால் முகம்தான் தரையில் முதலில் படும். அந்தக் கோடு ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்திருக்கிற எச்சரிக்கை. அதன் மேல் மஞ்சள் அடிக்க இருந்தான்.

ஆக, என் கணக்கு இப்படி. டிஸ்க் பிரேக் சக்கரம், அடிபடாதது, பழைய எழுத்தை மறைத்து நிறம் மாற்ற வேண்டும், பொறுமையும் திறந்த இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக நீங்களே அடியுங்கள். நன்றாக வராவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரிம்மிலேயே பிரேக் பிடிக்கிற சக்கரம் என்றால் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யார் அடித்தாலும் சரி. பளபளப்பும் வருடக்கணக்கில் நிற்கிற உறுதியும் வேண்டும் என்றால் கார்பனுக்கு, குறைந்தபட்சம் பைபருக்கு அடித்துப் பழகியவரிடம் கொடுங்கள். அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். ஒன்றுமே கேட்காமல் "நாளைக்கு வாங்க" என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடிபட்ட சக்கரம் என்றால் நீங்களும் வேண்டாம், அவரும் வேண்டாம். முதலில் கார்பன் பழுது பார்க்கிறவரிடம் காட்டுங்கள். புதிதாக வாங்கிய சக்கரமாக இருந்தால் அடிப்பதற்கு முன் வாரண்டி சீட்டைப் படியுங்கள், பெயிண்ட் அடித்தால் வாரண்டி இல்லை என்று பல கம்பெனிகள் போட்டிருக்கும்.

இதையெல்லாம் விட எளிய வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னதும் நம் பெயிண்டர்தான். "நடுவுல மட்டும்தான் மஞ்சள் வேணும்னா எதுக்குங்க பெயிண்டு? ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக்கிங்க. புடிக்கலைன்னா உரிச்சுக்கலாம், உள்ள ஏதாச்சும் ஆனாலும் உரிச்சுப் பாத்துக்கலாம்." பெயிண்ட் அடிக்கிறவர் வாயிலிருந்தே இது வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்கா பஞ்சம்? அங்கேயே அளவு கொடுத்து, வளைவாக வெட்டி, அன்று மாலையே பின்சக்கரத்தில் ஒட்டிவிட்டோம். எடையும் பெயிண்டை விடக் கூடுதல் இல்லை. (கிராம் கணக்கில் எடை குறைய வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து சக்கரம் வாங்கிவிட்டு, அதன் மேல் பிரைமர், கலர், கிளியர் என்று ஏற்றுவதை என் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.)

முன்சக்கரம் தனியாக அவன் அறையில் ஆணியில் தொங்குகிறது. பழைய அலுமினிய முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டுதான் இந்த மாதம் ஓட்டுகிறான். ஒன்று கருப்பு மஞ்சள், ஒன்று வெள்ளி நிறம். நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். கார்பன் பழுது பார்க்கிற ஒருவரிடம் அடுத்த வாரம் முன்சக்கரத்தைக் காட்டப் போகிறான். அவர் சரிசெய்ய முடியாது என்று சொன்னால் விற்கக் கூடாது, உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறேன். இவன் விற்றால் வாங்குகிறவன் அதன் மேல் பெயிண்ட் அடிப்பான்.

காற்றாலை இறக்கை செய்கிற கம்பெனிகளில் நம் மாணவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இறக்கையும் இழையும் பிசினும் சேர்ந்ததுதான், தட்டிப் பார்க்கும் சோதனை உங்களுக்குத் தினசரி வேலை. பருமன் மாறுவதால் வருகிற மந்தச் சத்தத்தையும், அடுக்கு விட்டதால் வருகிற மந்தச் சத்தத்தையும் காதால் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். மருமகனும் படிப்பான், பெயிண்டரும் கேட்டு வைக்கச் சொன்னார்.